பேரேடும் ஒரு சாட்சிதான்!

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடை வைத்திருக்கும் வணிகப் பெருமக்களுக்குக் கன்டெய்னர் லாரியைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், மறுபக்கம் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள், நடுவே நம் கடைகள். மூட்டை இறக்குபவரும், மீன்பாடி வண்டிக்காரரும், கடைப் பையனும் அந்த லாரிகளுக்கு இடையேதான் பிழைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம், கைச்செலவுக்குக் கொடுக்கிறோம். அதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். முடியவில்லை என்பதை நாம் பட்டறிந்ததால் இதை எழுதுகிறோம்.

நமது மண்டியில் நடந்தது

2011-ஆம் ஆண்டு. நமது மண்டியில் பல வருடம் மூட்டை தூக்கிய தொழிலாளி ஒருவர், மீன்பாடி வண்டியில் அரிசி ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சென்றார். டிரெய்லரின் பின்சக்கரம் அவர் காலில் ஏறியது. வண்டிதான் குறுக்கே வந்தது என்று லாரி தரப்பில் சொன்னார்கள். அப்படி இல்லை என்று எதிரே இருந்த கடைக்காரர்களுக்குத் தெரியும். ஆனால், "கோர்ட்டு வாசல் நமக்கெதற்கு?" என்று ஒருவரும் வரவில்லை.

அவருடைய வருமானத்துக்குச் சாட்சியாக நாம் கூண்டில் ஏறினோம். மாதம் ஒன்பதாயிரம் கொடுத்தோம் என்றோம். அது உண்மை. "எந்தப் பேரேட்டில் எழுதினீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். நமது நாள்வழியில் 'கூலி' என்று மொத்தமாக ஒரு வரிதான் இருந்தது. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. காலணா வித்தியாசம் வந்தாலும் கணக்குப்பிள்ளையை விடாத நாம், அன்று தலைகுனிந்து நின்றோம். மாத வருமானம் ஐயாயிரம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர் பேரிலும் கால் பங்கு தவறு என்று தொகையில் கழிக்கப்பட்டது.

ஜூரி இல்லை, நீதிபதிதான்

அமெரிக்காவில் இத்தகைய வழக்குகளைப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஜூரிகள் கேட்கிறார்கள். நம் நாட்டிலும் கொலை வழக்குகளில் ஜூரி இருந்ததுண்டு. தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் 1945-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னிலையில்தான் விசாரிக்கப்பட்டார்கள். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அந்த முறை போயிற்று. இன்று சாலை விபத்து இழப்பீட்டை முடிவு செய்வது மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தின் நீதிபதி. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இது நடக்கிறது.

கேட்பவர் யாராயினும் நம்ப வைப்பது சொல்வன்மை அல்ல, கணக்குதான். காபி கொட்டிப் புண்பட்ட ஒரு மூதாட்டி, மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 1994-இல் அமெரிக்க ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அதே போன்ற 700-க்கும் மேற்பட்ட புகார்கள் அந்த நிறுவனத்தின் சொந்தப் பதிவுகளிலேயே இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஒரு கணக்கு

வயது 35, வருமானம் ஈட்டும் திறனில் 40 சதவீதம் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, வயதுக்குரிய எண்ணான 16-ஆல் பெருக்கி, அதில் 40 சதவீதம் எடுக்க வேண்டும். மாத வருமானம் ரூ.18,000 என்று நிரூபித்தால் ரூ.19,35,360 வரும். நிரூபிக்க முடியாமல் ரூ.12,000 என்று கொண்டால் ரூ.12,90,240தான். நாம் ஒரு சிட்டை எழுதாததால் அந்தக் குடும்பத்துக்கு நட்டம் ரூ.6,45,120.

காகிதம் இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்பதல்ல. கால் இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்டவரிடம் வருமானச் சான்று எதிர்பார்க்க முடியாது என்று கூறி, மாத வருமானம் ரூ.6,500 என்று ஏற்றது. திறன் இழப்பையும் 85 சதவீதமாகக் கொண்டது. ஆனால் அவர் கேட்டது ரூ.10,000. காகிதம் இல்லாதபோது நீதிபதி ஊகிக்கத்தான் முடியும்.

ஊனத்தின் சதவீதமும் பிழைப்பு இழப்பும் வேறு வேறு என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இடது கை போனால் குமாஸ்தா வேலையைத் தொடரலாம். டிரைவரும் தச்சரும் என்ன செய்வார்கள்? ஆகவே டாக்டரின் சான்றிதழ் மட்டும் போதாது. அவர் என்ன வேலை செய்தார், எத்தனை கிலோ மூட்டை தூக்கினார், இப்போது எது முடியவில்லை என்று உடன் இருந்த முதலாளிதான் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பெயரில் கூலிச் சிட்டை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வங்கி வழியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. விபத்துக்குப் பிறகு எழுதும் கடிதம் குறுக்கு விசாரணையில் நிற்காது.

2. கடைக் கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். விபத்து நடந்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி அதற்குச் சான்றிதழ் வேண்டும். வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள்.

3. முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்து பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். எப்படி அடிபட்டது என்று ஆஸ்பத்திரியில் முதலில் சொல்வதைச் சரியாகச் சொல்லுங்கள். பின்னால் மாறினால் வழக்கு ஆட்டம் காணும்.

4. மனுவைத் தள்ளிப் போடாதீர்கள். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு சட்டத்தில் இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

5. பார்த்ததைச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். பத்தாயிரத்தைப் பதினைந்தாயிரம் என்று கூட்டிச் சொன்னால் அந்தப் பத்தாயிரத்தையும் நம்ப மாட்டார்கள். தராசு நமக்குப் புதிதல்ல.

நமது தொழிலாளி இன்று நமது கிடங்கில் காவல் இருக்கிறார். நம்மீது அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. அவர் சொல்லாததுதான் நம்மை உறுத்துகிறது. அந்த ஆண்டிலிருந்து நமது மண்டியில் ஆளுக்கொரு சிட்டை எழுதுகிறோம். நம்மவர் அனைவரும் நாளை கடை திறந்ததும் முதல் வேலையாக இதைத் தொடங்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.