நீர்க்கட்டி: இன்சுலினைக் கவனியுங்கள்

பீரியட்ஸ் தள்ளிப்போகிறது, முகத்தில் பருவும் முடியும் வருகிறது என்று டாக்டரிடம் போகும் பெண், “ஹார்மோன் இம்பேலன்ஸ்” என்ற பதிலோடு வீடு திரும்புகிறாள். மறுநாளே ஆலோசனைகள் குவிந்துவிடும். வெந்தயம் ஊறவைத்துக் குடி, சோற்றைத் தொடாதே, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும். எந்த ஹார்மோன், ஏன் கூடியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நம் உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஹார்மோன்கள் இருக்கின்றன. அத்தனையையும் சமன்செய்யும் ஒரே கஷாயம் எங்கும் கிடையாது.

இளம்பெண்களிடம் இந்தப் பேச்சு வந்தால் பெரும்பாலும் அது நீர்க்கட்டி என்று பலரும் சொல்லும் பிசிஓஎஸ்ஸாக இருக்கும். பிள்ளைபெறும் வயதில் இருப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. சினைப்பையில் தெரியும் கோளாறாக இருந்தாலும், பலருக்கு இதன் முடிச்சு இன்சுலினில்தான் விழுந்திருக்கிறது.

சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலினின் வேலை. பிசிஓஎஸ் உள்ள பலருக்குத் தசை அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. ஈடுகட்டக் கணையம் இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. அதனால் சர்க்கரை நார்மல் என்றே ரிப்போர்ட் வரலாம். ஆனால் அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனை அதிகம் சுரக்கவைக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டுக்குள் வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உருவாக்குவதும் குறைந்துபோகிறது. விளைவு, பரு, தாடையில் முடி, தலையில் முடி உதிர்வு. முட்டையும் முழுதாக முதிராமல் பாதியில் நிற்கிறது. ஸ்கேனில் சினைப்பையின் ஓரமாகத் தெரிபவை அப்படி நின்றுபோன முட்டைப் பைகள்தான். அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல.

பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தால், அழுக்கு என்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துவிடும் அம்மாக்கள் உண்டு. அது அழுக்கு அல்ல. பெரும்பாலும் இன்சுலின் கூடியிருப்பதன் அடையாளம். தேய்த்தால் போகாது. அந்தப் பிள்ளையைத் திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ஸ்கேனில் பைகள் தெரிந்தால் மட்டும் பிசிஓஎஸ் ஆகிவிடாது. சீரில்லாத மாதவிலக்கு, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன்களின் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது 2003-ல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல். தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகள் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். பதின்வயதுப் பெண்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவுசெய்யவே கூடாது என்கிறது 2023-ன் சர்வதேச வழிகாட்டி.

சிகிச்சையில் முதல் இடம் வாழ்க்கைமுறைக்கு. தசை இயங்கும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் பதினைந்து நிமிட நடை, பார்க்க எளிதாக இருந்தாலும், நேராக முடிச்சில் கைவைக்கும் வேலை. மொத்தத்தில் வாரத்துக்கு 150 நிமிட வேக நடையாவது வேண்டும். அத்துடன் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி. தண்ணீர்க் கேனைத் தூக்கி இறக்குவதும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் கூட இதில் சேரும்.

சாப்பாட்டில், மற்றவற்றைவிட மேலான ஒரே ‘பிசிஓஎஸ் டயட்’ என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. இட்லியை விட வேண்டியதில்லை. ஐந்து இட்லியும் சட்னியும் சாப்பிடுகிற இடத்தில் மூன்று இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் என்று மாற்றினால் போதும். சாயங்கால டீயோடு வரும் பிஸ்கட்டை நிறுத்துவது இன்னும் நல்லது. எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலன் தெரியத் தொடங்கலாம். 70 கிலோ இருப்பவருக்கு அது மூன்றரை கிலோவில் தொடங்குகிறது. ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும் என்பதால், தராசை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிடாதீர்கள்.

தூக்கம் பேசப்படுவதே இல்லை. சில நாள் நாலு மணி நேரமே தூங்கினால் ஆரோக்கியமானவருக்கும் இன்சுலின் வேலை மந்தமாகிவிடுகிறது.

யோகா? ஆந்திராவில் 15 முதல் 18 வயது மாணவிகளிடம் 12 வாரம் நடந்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களைவிட யோகா செய்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் உள்ளிட்ட சில ஹார்மோன்கள் நன்றாகக் குறைந்தன. எடையில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான் என்றாலும், எனக்கு இது நம்பிக்கை தருகிறது.

சித்தாவை நாடுவதில் தவறில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது; பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவும் உண்டு. அங்கே போங்கள். கழற்சிக்காய்ப் பொடியை வீடியோ பார்த்துச் சாப்பிடாதீர்கள். பெரிய அளவிலான மனித ஆய்வுகள் அதற்குப் பின்னால் இல்லை, கர்ப்பத்துக்கு முயல்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். முடி உதிர்வுக்கு எடுக்கும் பயோட்டின் மாத்திரை, தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டலாம். டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துவது நல்லது.

தைராய்டு சுரப்பு நிரந்தரமாகக் குறைந்தவர்களுக்கு நடையும் யோகாவும் மாத்திரைக்கு ஈடாகாது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. அதேபோல், பிசிஓஎஸ்ஸுக்கு மெட்ஃபார்மினோ ஹார்மோன் மாத்திரையோ எழுதித் தந்தால், அது உங்கள் தோல்வி இல்லை.

தொடர்ந்து மூன்று மாதம் பீரியட்ஸ் வராவிட்டால் காத்திருக்காதீர்கள். கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போவது பின்னால் ஆபத்தாகலாம். மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் நிபுணரையோ பாருங்கள். போகும்போது சாப்பிடுகிற மாத்திரை, சூரணம், லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்சென்று மேஜையில் வையுங்கள்.