வீடியோவுக்கு லைட் வாங்கும் வியாபாரிகள் கவனத்துக்கு

புடவை, அபாயா, சப்பாத்து, நகை என எந்த வியாபாரமானாலும் இன்று பொருளை வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி ஓடர் எடுப்பது வழமையாகிவிட்டது. இதற்கென நல்ல போனும் கெமராவும் வாங்கும் நம்மவர்கள், லைட் விடயத்தில் மட்டும் மலிவாகக் கிடைப்பதை வாங்கிவிடுகிறார்கள். மெரூன் நிறச் சாரி வீடியோவில் மண்ணிறமாகத் தெரிகிறது. பார்சலைப் பிரித்துப் பார்த்த வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடுகிறார். அனுப்பும் செலவு நமது தலையில். அதைவிடப் பெரிய நட்டம், அவர் மறுபடி நம்மிடம் வரமாட்டார்.

லைட் வாங்கப் போனால் பலரும் முதலில் கேட்பது "எத்தனை வொட்?" என்றுதான். வொட் என்பது அந்த லைட் எடுக்கும் மின்சாரத்தின் அளவு. நிறத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நாம் பார்க்க வேண்டியது பெட்டியில் சீ.ஆர்.ஐ. என்று போட்டிருக்கும் எண்ணை. நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு 100க்கு இடப்படும் புள்ளி அது. வீட்டு எல்.ஈ.டி. மின்குமிழ்கள் பலவற்றில் இது 80 அளவில்தான் இருக்கும். வீடியோவுக்கு 95க்குக் குறையாமல் வாங்குங்கள்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தப் புள்ளி 8 மென்மையான நிறங்களின் சராசரி. கடுஞ்சிவப்பு அதில் சேராது. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. சிவப்பு, மெரூன் துணி விற்பவர்கள் அதையும் கேளுங்கள். 90க்கு மேல் இருந்தால் நல்லது. நான் லைட் வாங்கப் போகும்போது மெரூன் துணித்துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டு போவேன். லைட்டின் கீழ் அதைப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் விலை பேசுவேன்.

அங்கேயே போனில் வீடியோவும் எடுத்துப் பாருங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.ஈ.டி. நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத அது வீடியோவில் கோடுகளாக ஓடும். அப்படிப்பட்ட லைட்டை வாங்காதீர்கள்.

பொருத்துவதற்குப் பெரிய செலவு தேவையில்லை. இரண்டு எல்.ஈ.டி. லைட்டும் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையும் போதும். முதல் லைட்டைப் பொருளுக்கு முன்னால் 45 பாகை சரிவில், சற்று உயரத்தில் வையுங்கள். சொப்ட்பொக்ஸ் ஒன்றை மாட்டினால் கடும் நிழல் விழாது. மறுபக்கம் ரெஜிபோமை நிறுத்தினால் இருண்ட பகுதிக்கும் வெளிச்சம் திரும்பும். இரண்டாவது லைட்டைப் பின்பக்கம் வைத்தால் பொருள் பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியும். வெளிச்சம் போதாவிட்டால் உடனே பெரிய லைட் தேட வேண்டாம். இருப்பதைக் கிட்டக் கொண்டு வாருங்கள். தூரத்தை இருமடங்காக்கினால் வெளிச்சம் கால்வாசியாகக் குறையும் என்பதே கணக்கு.

பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின். பழைய ஹலஜன் லைட்டின் மஞ்சள் வெளிச்சம் 3200. இரண்டையும் கலந்தால் எந்தக் கெமராவும் நிறத்தைச் சரியாகப் பிடிக்காது. ஆகவே, வீடியோ எடுக்கும்போது கடையின் மற்ற மின்குமிழ்களை அணைத்துவிடுங்கள்.

ஹலஜன் லைட் மலிவாகக் கிடைத்தாலும் யோசித்து வாங்குங்கள். 230 வோல்ட்டில் 5 அம்பியர் பிளக் தாங்குவது 1150 வொட் மட்டுமே. 1000 வொட் லைட் ஒன்றுக்கு மேல் அதில் போடக்கூடாது. அதன் சூட்டுக்குக் கிட்டத் துணி வைப்பதும் ஆபத்து. எந்த லைட்டானாலும் ஸ்டாண்டின் காலில் மணல் பை ஒன்றை வைத்துவிடுங்கள்.

வாங்க முன்னர் கலியாண வீடியோ எடுப்பவர்களிடம் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாத வியாபாரம் இது. தராசு சரியாக இருக்க வேண்டியது போல, இங்கே வெளிச்சமும் சரியாக இருக்க வேண்டும்.