முன்னெழுத்தின் கதை

"உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று ஓர் இத்தாலியரைக் கேட்டால் அரை விநாடியில் பதில் சொல்லிவிடுவார். அதே கேள்வியைத் தமிழர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் சற்றே விழிப்பார். தந்தையின் பெயரைச் சொல்வதா, பூர்விக ஊரின் பெயரைச் சொல்வதா, பாட்டனார் காலத்தில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஜாதிப் பட்டத்தைச் சொல்வதா? கடல் கடந்து செல்லும் நம் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்விக்கு முன்னால் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்ததுண்டு.

இந்தத் திகைப்பைக் கண்டு, "நமக்குக் குடும்பப் பெயர் என்னும் நாகரிகம் இல்லாமற் போயிற்றே!" என்று வெட்கப்படுகிறவர்களும் உண்டு. வெட்கப்படுவதற்கு முன்னால், குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, அது நமக்கு உண்மையிலேயே இல்லையா என்று கொஞ்சம் விசாரித்துப் பார்ப்பது நல்லது. அவ்விசாரணைக்கு இத்தாலி தேசம் மிகவும் ஏற்றது. நம் பக்கத்தில் நெமிலிச்சேரி ஏற்றது.

சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் ரயில் பாதையில், பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருக்கிறது நெமிலிச்சேரி. சென்னை நகரைச் சுற்றி வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரையில் போட்டிருக்கும் வெளிவட்டச் சாலையின் முதற்பகுதி முடிந்ததும், இரண்டாம் பகுதி தொடங்கியதும் இங்கேதான். இந்த ஊரை நடுவில் வைத்துக்கொண்டு சுற்றுப்புறத்தைப் பார்த்தால், மனிதர்களுக்குப் பெயர் வரும் வழிகள் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் முதலில் இத்தாலிக்குப் போய் வருவோம்.

பெயர் வந்த நான்கு வழிகள்

இத்தாலியர்களின் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் வந்தவை. ஒன்று தந்தை பெயர், இரண்டு ஊர்ப் பெயர், மூன்று தொழிற்பெயர், நான்கு பட்டப் பெயர். கொல்லர் வம்சம் 'பெர்ராரி' ஆயிற்று. ரோமாபுரியோடு சம்பந்தப்பட்டவர் 'ரொமானோ' ஆனார். சிவந்த தலைமயிர் உள்ளவரின் சந்ததியார் 'ரோஸ்ஸி' ஆனார்கள். இந்த ரோஸ்ஸிதான் இன்று அந்தத் தேசத்தில் எல்லாவற்றிலும் அதிகமாக வழங்கும் குடும்பப் பெயர். பல பெயர்கள் 'இ' என்ற ஓசையில் முடிவதற்குக் காரணம், அவர்கள் பாஷையில் அது பன்மை விகுதி. நம்மில் 'இன்னார் வீட்டார்' என்று சொல்வது போலத்தான்.

ஆதியில் இவை நிலையான பெயர்களாக இருக்கவில்லை. 1563-ல் முடிவுற்ற திரெந்து மகாசபை, ஒவ்வொரு கோவிற்பற்றிலும் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று விதித்தது. குருவானவர் மையில் எழுதிய பெயர் அப்படியே உறைந்து போயிற்று. கொல்லனின் பேரன் தையற்காரன் ஆனாலும் பெயர் பெர்ராரிதான்!

இன்று இத்தாலியில் வழங்கும் குடும்பப் பெயர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று சொல்கிறார்கள். அவற்றில் ரோஸ்ஸி போலக் கிளைத்துப் பெருகியவை சில. ஏதோ ஒரு மாகாணத்தின் மூலையில் சில வீடுகளில் மட்டும் வழங்குகிற அபூர்வப் பெயர்கள் பற்பல. தந்தை வழியாக மட்டுமே பெயர் இறங்குமானால், ஆண் சந்ததி இல்லாத வீட்டோடு அந்தப் பெயரும் முடிந்துவிடும் அல்லவா? 1874-ல் பிரான்சிஸ் கால்டன், ஹென்ரி வாட்ஸன் என்னும் இரு ஆங்கிலேயர் இதைக் கணித சாஸ்திரத்தால் ஆராய்ந்தார்கள். வம்சத்தில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், வெறும் தற்செயலால் பெயர்கள் ஒவ்வொன்றாக மறையும் என்று அந்த ஆராய்ச்சி காட்டிற்று.

ஒரே ஊரிலிருந்து இருவர்

வட இத்தாலியில் மாந்துவாவுக்கு அருகில் காஸ்திலியோனே என்று ஓர் ஊர் உண்டு. அவ்வூரில் பிறந்த இருவருடைய பெயர் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முதல்வர் 1568-ல் பிறந்த லூயிஜி கொன்சாகா. கொன்சாகா என்பது மாந்துவாவின் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூர். 'கொர்ராதி' என்ற குடும்பத்தார் தாங்கள் இருந்த அந்த ஊரின் பெயரையே சூட்டிக்கொண்டு, 1328 முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் மாந்துவாவை அரசாண்டார்கள். அரச வம்சத்தின் பெயரும் கிளறிப் பார்த்தால் ஒரு கிராமத்தின் பெயர்தான்! லூயிஜி அரச போகத்தைத் துறந்து சந்நியாசியாகி, கொள்ளை நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து இருபத்து மூன்றாம் வயதில் உயிர் நீத்தார். தமிழ்க் கத்தோலிக்கர் அவரை 'ஞானப்பிரகாசியார்' என்று அழைக்கிறார்கள்.

இரண்டாமவர் 1680-ல் பிறந்த கொஸ்தான்ஸோ ஜோசப் பெஸ்கி. 'பெஸ்கி' என்பது லொம்பார்தி பிரதேசத்துப் பெயர். ரோஸ்ஸியைப் போலத் தேசமெங்கும் பரவிய பெயர் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, அந்தக் குடும்பப் பெயரை இங்கே யாரும் கேட்கவில்லை. 'கொஸ்தான்ஸோ' என்பதற்கு அசையாத உறுதி உள்ளவர் என்று பொருள். ஆகவே அவர் 'தைரியநாதர்' ஆனார். பிறகு தமிழர் அவரை 'வீரமாமுனிவர்' என்றே போற்றினார்கள். 'தேம்பாவணி' பாடியவரும், 1732-ல் 'சதுரகராதி' தொகுத்தவரும், பரமார்த்த குருவின் கதையைச் சொல்லி நம்மைச் சிரிக்க வைத்தவரும் இவர்தாம்.

கடைசியில் குடும்பப் பெயரின் கதி என்ன ஆயிற்று? அது இங்கே ஆளின் பெயராக மாறிவிட்டது! தமிழ்க் குடும்பங்களில் 'பெஸ்கி' என்று பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டுகிறார்கள். போர்த்துக்கேசியரான அருளானந்தரின் குடும்பப் பெயர் 'பிரிட்டோ'. அதுவும் நம் ஊர்களில் பிள்ளைகளின் பெயர். 1542-ல் இந்தியாவுக்கு வந்த சவேரியாரின் கதை இன்னும் வேடிக்கை. 'சேவியர்' என்பது அவருடைய குடும்பத்துக் கோட்டையின் பெயர். பாஸ்க் பாஷையில் 'புது வீடு' என்று அர்த்தம். ஸ்பெயின் தேசத்து வடக்கு மூலையிலுள்ள ஒரு வீட்டின் பெயரை நம் திருநெல்வேலிப் பிள்ளைகள் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

குடும்பப் பெயரைக் குடும்பப் பெயராகவே ஏற்றுக்கொண்ட தமிழரும் இருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஞானஸ்நானம் பெற்ற முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பர்னாந்து, ரோச், மோத்தா முதலிய போர்த்துக்கேசியப் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறார்கள். 1923-ல் தூத்துக்குடி மேற்றிராணியாரான பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் அந்தப் பெயர் வரிசையில் வந்தவர்.

நம் பக்கத்துப் பெயர்கள்

இனி நெமிலிச்சேரிக்குத் திரும்புவோம். சுற்றுவட்டாரத்து மகான்களைப் பாருங்கள். தெற்கே திருமழிசை: அவ்வூரில் அவதரித்த பக்திசாரரை நாம் 'திருமழிசை ஆழ்வார்' என்று ஊர்ப் பெயராலேயே அறிகிறோம். அதற்கு அப்பால் பூந்தமல்லி: அங்கே பிறந்து காஞ்சியில் கைங்கரியம் செய்தவர், தொண்டு செய்த ஊரின் பெயரால் 'திருக்கச்சி நம்பி' ஆனார். அதற்கும் தெற்கே குன்றத்தூர்: பெரிய புராணம் பாடிய அருண்மொழித்தேவரை உலகம் 'சேக்கிழார்' என்கிறது. சேக்கிழார் என்பது அவருடைய குடியின் பெயர். குடும்பப் பெயர் நமக்கு இல்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே இத்தாலியருக்கு இருந்த வழிகள் நமக்கும் இருந்தன. வித்தியாசம் எங்கே என்றால், அவர்கள் அதைப் பெயரின் பின்னால் முழுச் சொல்லாக வைத்துக்கொண்டார்கள். நாம் அதைச் சுருக்கி, பெயரின் முன்னால் ஓர் எழுத்தாக வைத்துக்கொண்டோம்.

உ. வே. சா. என்ற மூன்று எழுத்தில் உத்தமதானபுரம் என்ற ஊரும், வேங்கடசுப்பையர் என்ற தந்தையும், சாமிநாதன் என்ற மகனும் அடங்கியிருக்கிறார்கள். ம. பொ. சி. என்பதில் மயிலையும் பொன்னுசாமியும் சிவஞானமும் இருக்கிறார்கள். போரூருக்கு அருகே துள்ளம் என்னும் கிராமத்தில் 1883-ல் பிறந்தவர் திரு. வி. க.; ஆனால் அவர் பெயரின் முன்னால் நிற்பது முன்னோருடைய திருவாரூர். குடும்பம் ஊரை விட்டு வந்த பின்னும் ஊர் குடும்பத்தை விடவில்லை! காமராஜர் காலத்தில் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுத் திட்டத்துக்கு உழைத்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் 'நெ.' காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கம். நெமிலிச்சேரிக்காரர் ஒருவர் ஊரைப் பெயரில் சேர்த்துக்கொண்டால் அவருக்கும் இதே 'நெ.' தான்.

அந்த எழுத்தை நாம் 'நே' என்று மயங்காமல் படிப்பதிலும் பெஸ்கிக்குப் பங்கு உண்டு. பழைய ஏடுகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் பேதம் காட்டுவது புள்ளி ஒன்றுதான். ஓலையில் புள்ளியைப் பலர் இடுவதில்லை. நெடிலுக்குத் தனி வடிவம் தந்த சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரால்தான் வழங்கி வருகிறது.

தெலுங்கு தேசத்தார் ஊர்ப் பெயரை முழுமையாகவே காப்பாற்றுகிறார்கள். இதே ரயில் பாதையில் அரக்கோணம் தாண்டிச் சென்றால் திருத்தணி. 1888-ல் அங்கே பிறந்த ராதாகிருஷ்ணன், நெல்லூர்ப் பக்கத்துச் 'சர்வபள்ளி'யைத் தம் பெயரோடு ராஷ்டிரபதி பவனம் வரையில் கொண்டுபோனார். கொன்சாகா வம்சத்தார் செய்ததும் இதுதான்.

நம்மிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுகிறோம். 'பேரன்' என்ற சொல்லே பெயரன் என்பதுதான். தென் இத்தாலியிலும் மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது நெடுங்கால வழக்கம். சி. வி. ராமனின் தந்தை சந்திரசேகரன். அவருடைய பேரனுக்கும் அதே பெயர் இட்டார்கள். 1930-ல் ராமனும், 1983-ல் அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரும் நோபல் பரிசு பெற்றார்கள். மேல்நாட்டார் ஒருவருக்கு 'ராமன்' குடும்பப் பெயர் என்றும், மற்றவருக்குச் 'சந்திரசேகர்' குடும்பப் பெயர் என்றும் எழுதிக்கொண்டார்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு குடும்பப் பெயர்! சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தை வெளிநாட்டு நண்பர்கள் செல்லமாக 'விஷி' என்று அழைக்கிறார்கள். பாவம், அது அவருடைய தகப்பனார் பெயர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்களுடைய குடும்பப் பெயர் நம் ஊருக்கு வந்தால் ஆளின் பெயராகிறது. நம்முடைய ஆளின் பெயர் அவர்கள் ஊருக்குப் போனால் குடும்பப் பெயராகிறது. இரண்டிலும் பெயருக்கு ஒரு குறைவும் வரவில்லை.

பெயரின் சுமை

இதுவரை வேடிக்கை. இனி வேடிக்கை அல்லாத ஒரு விஷயம். நேப்பிள்ஸ் நகரத்தில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர் 'எஸ்பொஸித்தோ'. அதற்கு 'வெளியே விடப்பட்டவன்' என்று பொருள். பெற்றோர் இன்னார் என்று தெரியாமல் அனாதை விடுதி வாசலில் விடப்பட்ட குழந்தைகளுக்கு இட்ட பெயர் அது. குழந்தை வளர்ந்து, மணந்து, பேரன் பேத்தி எடுத்த பின்னும் அந்த ஒரு நாளைய துர்ப்பாக்கியம் பெயரில் நின்றுவிட்டது. நிலையான குடும்பப் பெயர் ஒரு குடும்பத்தின் பெருமையைக் காப்பாற்றுவது போலவே, சமூகம் அதற்கு இட்ட முத்திரையையும் காப்பாற்றிவிடும்.

நம் நாட்டில் அந்த முத்திரை ஜாதிப் பட்டம். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஒருவரை எங்கே உட்கார வைப்பது, எங்கே நிற்க வைப்பது என்று தீர்மானிக்க அது உதவிற்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் உள்ள ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. நெமிலிச்சேரியும் ஆவடியும் பூந்தமல்லியும் அந்நாளில் அதே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர்கள். அந்த இயக்கத்தில் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் நாளடைவில் பட்டத்தை விட்டார்கள். இன்று தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்து வருகைப் பட்டியலைப் படித்தால் பெயரும் முன்னெழுத்தும்தான் இருக்கும். வேறு பல ராஜ்யங்களில் இந்த மாறுதல் இவ்வளவு ஆழமாக நிகழவில்லை. ஆகவே, குடும்பப் பெயர் இல்லையே என்று வெட்கப்படுவதற்குப் பதிலாக, அந்த வெற்றிடம் எப்படி வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அது மறதியால் வந்த வெற்றிடம் அல்ல. தெரிந்து துறந்ததால் வந்தது.

ஆனால் நம் வழக்கத்தில் குறை ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. முன்னெழுத்து தகப்பனாருடையது, விவாகம் ஆனதும் பல பெண்களுக்கு அது கணவனுடையதாக மாறிவிடுகிறது. தாயின் பெயருக்கு அதில் இடம் இல்லை. இத்தாலியப் பெண் விவாகம் ஆன பிறகும் தன் பிறந்த வீட்டுப் பெயராலேயே தஸ்தாவேஜுகளில் விளங்குகிறாள். ஆனால் அவள் பெற்ற குழந்தைக்குத் தந்தையின் குடும்பப் பெயர்தான் தானாகவே வரும் என்ற விதி அங்கேயும் நெடுங்காலம் இருந்தது. 2022-ல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. இனிக் குழந்தைக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உரியவை. இருவரும் இசைந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பல நூற்றாண்டுகளாக உறைந்து போன வழக்கத்தை மாற்ற இத்தாலியருக்கு ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது. நமக்கோ முன்னெழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பிறக்கிறது. தகப்பனாரின் எழுத்துக்குப் பக்கத்தில் தாயாரின் எழுத்தையும் எழுதுகிற குடும்பங்கள் இப்போதே தமிழ்நாட்டில் இருக்கின்றன. மற்றவர்களும் அடுத்த குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்று, மனு காகிதத்தில் இன்னும் ஓர் எழுத்துக்கு இடம் விடலாம். ஊரும் தந்தையும் இருக்கும் இடத்தில் தாயும் இருந்தால் பெயர் ஒன்றும் கனத்துவிடாது.