உங்களுக்குத் தெரியுமா? கதையை உடைத்த படங்கள்
2006 ஜனவரி 2 மாலை, திருகோணமலைக் கடற்கரையில் கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்களிடமிருந்த கைக்குண்டு வெடித்ததாகச் சொன்னது இராணுவம். ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தெரிந்ததோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். ஒரு கமரா போதுமாயிருந்தது. குண்டுக் கதை நிற்கவில்லை. ஜனவரி 24 காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்துநின்ற சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள்.

பாரிஸிலுள்ள ‘எல்லைகளற்ற செய்தியாளர்கள்’ அமைப்பு அவரது கொலையைக் கண்டித்தது. மாணவர் படுகொலையை 2015இல் ஐ.நா. மனித உரிமை விசாரணை அறிக்கையும் பதிவு செய்தது. உலகம் குறித்துக்கொண்டது, உள்ளூர் நீதி நகரவில்லை. மாணவர் வழக்கில் விசேட அதிரடிப் படையினர் உள்ளிட்ட 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியமின்றி விடுவிக்கப்பட்டனர். சுகிர்தராஜன் கொலைக்கு எவரும் தண்டிக்கப்படவில்லை.