சாலை திறந்தது, வாசல் அடைபட்டது

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போகும் சாலை கல்லாற்றைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் இந்த மலையை நனைக்கின்றன. இரண்டு பருவத்திலும் இந்தச் சாலையில் மண் சரியும். 2022 செப்டம்பரில் 12-வது வளைவருகே சாலையே இடிந்துபோனதால் பொன்முடிக்குச் சுற்றுலாப் பயணிகள் போவது மாதக்கணக்கில் நின்றது.

மலைச்சாலையில் மண் சரிந்த செய்திகள் ஒரே மாதிரிதான் முடியும்: ஜேசிபி வந்தது, மண் அகற்றப்பட்டது, போக்குவரத்து சீரானது. அகற்றப்பட்ட மண் எங்கே போனது என்பதைச் செய்தி சொல்வதில்லை. மலைச்சாலையோரம் வாழ்கிறவர்களுக்கு அதுதான் முக்கியமான கேள்வி. பெரும்பாலும் அது எங்கேயும் போயிருக்காது. சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். ஓரத்தில் ஒரு வீட்டு வாசலோ, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கும் பாதையோ இருந்தால், அதன் வாயில் ஒரு மண்மேடு உட்கார்ந்திருக்கும்.

இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை. தகடு பொருத்திய வண்டி மண்ணைத் தள்ளும் விதமே அப்படி. தகடு நேராக இருந்தால் மண் அதன் முன்னால் குவிந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் வண்டி நகராமல் நிற்கும். அதனால் தகட்டைச் சாய்வாக வைத்து ஓட்டுவார்கள். மண் அதன் முகத்தில் உருண்டு பின்தங்கிய முனை வழியாக வெளியே வழியும். வண்டி போக்கிலேயே நீண்ட வரப்பு ஒன்று விழுந்துகொண்டே வரும். சாலையின் நீளமெங்கும் அந்த வரப்புக்கு ஓரத்துச் சரிவு தடையாக நிற்கிறது. வாசலின் திறப்பு வந்ததும் அந்தத் தடை இல்லை. தகட்டில் தேங்கி வந்த மண்ணும் சேர்ந்து அந்த இடைவெளியில் சரிந்து நிரம்பிவிடுகிறது.

பனி நாடுகளில் இதே கதை வெள்ளை நிறத்தில் நடக்கிறது. டொரண்டோவின் ஸ்கார்பரோவிலும் அதையடுத்த மார்க்கம் நகரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். காலையில் வாசற்பாதைப் பனியை வாரி முடித்துக் கை உதறும் நேரத்தில் மாநகராட்சியின் பனியகற்றும் வண்டி சாலையைத் துடைத்துக்கொண்டு போகும். வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரப் பனிவரப்பு விழுந்திருக்கும். வானத்திலிருந்து விழுந்த புதுப்பனி ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். தகடு உருட்டி நசுக்கிய பனியோ 400, 500 கிலோவைத் தொடும். அதோடு நில்லாமல் அது இறுகவும் செய்யும். உருகும் நிலையிலுள்ள இரண்டு பனிக்கட்டிகளைத் தொடவைத்தால் அவை ஒட்டிக்கொள்வதை 1850-இல் மைக்கேல் பாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் காட்டினார். நொறுங்கிய பனித்துகள்களும் தொடும் இடங்களில் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. சில மணி நேரம் விட்டால் மண்வாரி உள்ளே இறங்காது.

அதை வாருவது உயிருக்கே ஆபத்தாகலாம். கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வைக் கனடிய மருத்துவச் சங்க இதழ் 2017-இல் வெளியிட்டது. 20 சென்டிமீட்டர் பனி பெய்த நாளுக்கு மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பனி வாருவது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் வேளையில், மூச்சை அடக்கித் திடீரென்று பாரம் தூக்குவது இதயத்தைத் திணறடிக்கிறது. டொரண்டோ மாநகராட்சி வாசல் வரப்புகளை அகற்றவே தனி வண்டிகளை அனுப்புகிறது. சாலையைத் திறக்கும் வேலை வாசலைத் திறப்பதோடுதான் முடிகிறது என்பதை அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பொன்முடிக்குத் திரும்பினால், எடைக்கணக்கு இன்னும் கடுமையானது. ஐந்து மீட்டர் அகல வாசலில், அடி 1.2 மீட்டரும் உயரம் 60 சென்டிமீட்டரும் உள்ள மண்வரப்பு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்குச் சின்ன மேடுதான். கன அளவு 1.8 கனமீட்டர். மழையில் ஊறிய மண் கனமீட்டருக்கு 1,800 கிலோ என்றால், மொத்தம் மூன்று டன்னுக்கு மேல். சட்டிக்குப் பதினைந்து கிலோ வீதம் அள்ளினாலும் இருநூறு சட்டி தாண்டும். பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் அதை யார் அள்ளுவது? ஜேசிபியின் முன்தொட்டி ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு கனமீட்டர் கொள்ளும். அந்த வண்டி நின்று திரும்பி இரண்டு தடவை அள்ளினால் வேலை தீர்ந்தது. வண்டி மலையில் இருக்கும்போதே முடிய வேண்டிய காரியம் இது.

வாசல் அடைபடுவது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. தண்ணீர் அடைபடுவது கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதைத்தான் நான் கூடுதலாக அஞ்சுகிறேன்.

மலைச்சாலையில் மலைப்பக்க ஓரத்தில் ஒரு வடிகால் ஓடும். சரிவிலிருந்து இறங்கும் நீரை அது ஏந்திக்கொண்டு போய், அடுத்த சிறுபாலத்தின் அடிவழியாகப் பள்ளத்துப் பக்கம் விட்டுவிடும். வாசற்பாதை இந்த வடிகாலைக் கடக்கும் இடத்தில் ஒரு குழாயோ கல்பலகையோ போட்டிருப்பார்கள். வரப்பு விழுவது சரியாக அந்த இடத்தில்தான். குழாயின் வாய் அடைந்தால் நீர் சாலைக்கு ஏறும். குறுக்கே பாய்ந்து பள்ளத்துப் பக்க விளிம்பை அடையும். சாலையின் அந்தப் பாதி பல இடங்களில் வெட்டியெடுத்த மண்ணைக் கொட்டி நிரப்பியது, மலையின் சொந்த உடம்பு அல்ல. அதன் அடி அரித்தால் மேலே இருக்கும் தார்ச்சாலை வெடித்து இறங்கும். மலைப்பக்கம் சரிந்த மண்ணை அள்ளிவிடலாம். பள்ளத்துப் பக்கம் இடிந்தால் தாங்குசுவர் எழுப்ப மாதங்கள் ஆகும்.

மண் ஏன் மழையில் மட்டும் இப்படித் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது? மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கின்றன. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வுதான் சரிவைப் பிடித்து வைத்திருக்கிறது. இடுக்குகளில் நீர் நிறைந்து அதன் அழுத்தம் கூடும்போது, பாரத்தின் ஒரு பகுதியை நீர் தாங்கத் தொடங்குகிறது. துகள்களுக்கு இடையேயான பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது. மண்ணின் எடை குறையவில்லை, பிடி மட்டும் குறைந்துவிட்டது. இந்தக் கணக்கை 1925-இல் வெளிவந்த தம் நூலின் மூலம் பொறியியலுக்குள் கொண்டுவந்தவர் கார்ல் டெர்சாகி. இன்றைக்கும் ஒரு சரிவு நிற்குமா விழுமா என்பதைப் பொறியாளர்கள் அதை வைத்தே கணிக்கிறார்கள்.

தென்கேரள மலைகளின் அடியில் இருப்பவை கொண்டலைட், சார்னோகைட் என்னும் மிகப் பழைய பாறைகள். சென்னைப் பரங்கிமலையில் இருப்பதும் சார்னோகைட்தான். வெப்பமும் மழையும் நெடுங்காலம் தின்றதில் இவற்றின் மேற்பகுதி சிவந்த மண்ணாக மக்கியிருக்கிறது. மேலே நீரை உறிஞ்சும் மண், கீழே நீர் இறங்காத பாறை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீர் தேங்கினால் மேலே உள்ள மண் வழுக்குகிறது. பொன்முடி இருக்கும் திருவனந்தபுரம் மாவட்டத்தின் அம்பூரியில் 2001 நவம்பர் 9-ஆம் தேதி நடந்த நிலச்சரிவில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். நவம்பர் மழையின் கொடுமையை நீலகிரியும் அறியும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது.

இப்படிச் சரிந்து வந்த மண்ணை அள்ளும்போது அது பெருகவும் செய்கிறது. சரிவில் நெருங்கிக் கிடந்த மண் குலைந்ததும் இடையில் காற்று புகுந்து கால் பங்கு வரை கன அளவு கூடும், பாறைத்துண்டுகளானால் இன்னும் அதிகம். நான்கு லாரி மண் சரிந்தது என்று நினைத்தால் ஐந்து லாரி வேண்டியிருக்கும். அதைக் கொண்டுபோய்க் கொட்ட இடமும் வேண்டும். இடம் முன்கூட்டியே குறிக்கப்படாததால்தான் ஓட்டுநர் கிடைத்த ஓரத்தில் தள்ளுகிறார். வளைவுகளில் அந்த ஓரம் பள்ளத்தாக்காகிவிடுகிறது. கீழ்வளைவின் தலைமேல் மேல்வளைவின் மண் போய் ஏறுகிறது. அடுத்த பெருமழையில் அந்தத் தளர்ந்த மண்தான் முதலில் கிளம்பும். உத்தரகண்ட் சார்தாம் சாலைப் பணியில் மலையை வெட்டிய விதமும் மண்ணைக் கொட்டிய விதமும் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2019-இல் ரவி சோப்ரா தலைமையில் ஒரு குழுவையே நீதிமன்றம் அமைத்தது. பொன்முடிச் சாலை அதனோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆனால் மண்ணின் இயற்பியல் சாலையின் அகலம் பார்த்து மாறுவதில்லை.

அவசரத்தில் செய்யும் இன்னொரு தவறு, சரிந்த மண்ணின் அடிவாரத்தைத் தோண்டுவது. மேலே தொங்கிக்கொண்டிருக்கும் மண்ணுக்கு அந்தக் குவியல்தான் முட்டு. மழை நிற்பதற்குள் அதை வெட்டி எடுத்தால் மேலிருப்பது வண்டியின் மேலேயே இறங்கலாம். வாசலில் விழுந்த மேட்டை மண்வெட்டியோடு அள்ளப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். மேட்டின் பின்னால் வெட்டிய சரிவு இருந்தால், மழை ஓய்ந்து, மேலே புதிய விரிசலோ சாய்ந்த மரமோ இல்லை என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

பனி நாட்டுக் கிராமத்தார் வாசல் வரப்புக்கு ஒரு தந்திரம் கண்டுவைத்திருக்கிறார்கள். வண்டி வரும் திசையில், வாசலுக்குச் சற்று முன்பாகவே சாலையோரத்தில் ஒரு வெற்றிடத்தைத் துடைத்து வைப்பார்கள். தகட்டில் தேங்கிய பனி அங்கேயே கொட்டிவிடும். வாசலைக் கடக்கும்போது தகடு ஏறக்குறைய காலியாக இருக்கும். தாங்கள் வாரிய பனியை வண்டி போகும் திசைப் பக்கமே குவிப்பார்கள், மறுபடி தள்ளப்பட்டு வாசலுக்கே வராதபடி. பனியைத் திரும்பச் சாலையில் வீசுவது ஒன்டாரியோவில் சட்டப்படி குற்றம்.

இதை நம் மலைகளுக்கு ஏற்றபடி செய்யலாம். வாசலுக்கும் லயப் பாதைக்கும் முன்பாக, மலைப்பக்கச் சரிவு நிலையாக உள்ள இடத்தில், சாலையோரத்தை விரித்து ஒரு மண்கொட்டுத் திட்டு ஒதுக்கலாம். வடிகால் அதைச் சுற்றிப் போக வேண்டும். வாசலின் இரு பக்கமும் பளிச்சென்ற கம்பம் நட்டால் மழையிலும் மூடுபனியிலும் ஓட்டுநருக்குத் திறப்பு தெரியும், தகட்டைத் தூக்கிக் கடப்பார். ஒதுக்கிய மண்ணின் மேல் வெட்டிவேர் நடலாம். அதன் வேர் மூன்று மீட்டர் ஆழம் வரை நேராக இறங்கி மண்ணைத் தைத்துப் பிடிக்கும். விலை மலிவு, நம் ஊர்ப் புல்.

ஒரு கிளைப் பாதை திறந்திருப்பதற்கு என்ன விலை என்பதைத் தமிழர்களுக்குப் பெட்டிமுடி சொல்லியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, இடுக்கி மாவட்டத்தில் மூணாறு அருகே லயங்களின் மேல் மலை இறங்கியது. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்திருந்ததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. பெரியவரை என்ற இடத்தில் தற்காலிகப் பாலம் சேதமடைந்திருந்ததால் மீட்பு வண்டிகள் திணறின. அந்தச் சரிவைச் சாலைப் பராமரிப்பு தடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. சரிவுக்குப் பிந்தைய மணி நேரங்களில், லயத்துக்கும் பெருஞ்சாலைக்கும் இடையிலான கடைசித் துண்டுப் பாதைதான் உயிரைத் தீர்மானிக்கிறது. அந்தத் துண்டின் வாயில் மூன்று டன் மண்ணைப் போட்டுவிட்டு, போக்குவரத்து சீரானது என்று எழுதக் கூடாது.

பொதுப்பணித் துறைக்கும் ஊராட்சிகளுக்கும் வேண்டுகோள் இதுதான். மே மாதம் முடிவதற்குள் 22 வளைவுகளிலும் மண் கொட்டும் இடங்களைக் குறித்துவிடுங்கள். மண் அள்ளும் ஒப்பந்தத்தில் வாசல்களையும் கிளைப் பாதைகளையும் சிறுபால வாய்களையும் திறந்து கொடுப்பதைக் கட்டாய வேலையாகச் சேருங்கள். அவை திறந்த பிறகே பணம் கொடுங்கள். மலைச்சாலையோரம் வீடு உள்ளவர்கள், வண்டி போனதும் முதலில் வாசலைப் பார்க்காமல் வடிகால் குழாயைப் பாருங்கள். அதன் வாய் அடைந்திருந்தால், மேடு காத்திருக்கட்டும், குழாயைத் திறந்துவிடுங்கள்.