ரத்தம் ஓடும் ஆய்வகத் தோல்

புதிய முகப்பூச்சு தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முன்பெல்லாம் முயல்களிடம் சோதித்தார்கள். அழகுசாதனப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையை இந்தியா 2014-இல் தடை செய்தது. ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதத் தோல் இதற்கு ஒரு மாற்று.

ஆனால் அந்தத் தோலில் ரத்தக் குழாய்கள் இல்லை. குழாய் இல்லாவிட்டால் தடிமனான திசுவின் உள்ளே ஆக்சிஜன் போய்ச் சேராது. பூசிய மருந்து ரத்தத்தில் எப்படிக் கலக்கிறது என்பதையும் அதில் பார்க்க முடியாது.

அமெரிக்காவின் ரென்சிலர் பாலிடெக்னிக் நிறுவனமும் யேல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டு, 2019-இல் வெளியிட்டன. குழாயின் உட்சுவரில் இருக்கும் மனிதச் செல்களையும், அவற்றை வெளியிலிருந்து தாங்கும் செல்களையும் கொலாஜன் என்னும் புரதத்துடன் சேர்த்து, முப்பரிமாண முறையில் தோலை அச்சிட்டார்கள். சில வாரங்களில் அந்தச் செல்கள் தாமாகவே குழாய்களாக உருவெடுத்தன. அந்தத் தோலை எலியின் உடலில் ஒட்டியபோது, அதன் குழாய்கள் எலியின் ரத்தக் குழாய்களோடு இணைய, அச்சிட்ட தோலிலும் ரத்தம் ஓடியது!

மனிதருக்குப் பொருத்த வேண்டுமானால், உடல் அதை ஏற்க மறுக்காதபடி செய்தாக வேண்டும். அதற்கான ஆய்வுகள் நடக்கின்றன.