நரம்பமைதியும் இயன்மருத்துவமும்

உடலுக்கு ஊறு நேர்ந்தவிடத்து வலி தோன்றுதல் இயற்கை. வலியைக் காவற்காரனுக்கு ஒப்பிடலாம். ஆயின், ஊறு ஆறிய பின்னரும் அக்காவற்காரன் கூவுதலை நிறுத்தானாயின் யாது செய்வது?

மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களை நோக்குவோம். கொழுந்து பறிக்கும் பெண் கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி, மலைச்சரிவில் நெடும்பொழுது நிற்கின்றாள். கொழுந்து நிறைய நிறையச் சுமை கழுத்தையும் முதுகையும் வருத்தும். இறப்பர் மரத்திற் பால்வெட்டுவோர் விடியற்காலையிலேயே மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்வர். வலியுற்று வருவோர்க்கு, மக்கள் பிசியோதெரபி என வழங்கும் இயன்மருத்துவம் ஏற்ற பயிற்சிகளைக் கற்பிக்கின்றது. அவற்றாற் பலர் நலமுறுவர். சிலரோ, கையை உயர்த்துமுன்னரே தோளை இறுக்கி, மூச்சை அடக்கிப் பல்லைக் கடிப்பர். வலி மிகும், அடுத்த முறை வாரார். எக்ஸ்றே படத்திற் குறையொன்றுங் காணப்படாதாயின் 'வேலைக்குக் கள்ளம்' என்னும் பழியும் வந்து சேரும். இஃது அறியாமையால் எழும் பழி.

காரணம் நரம்புத் தொகுதியில் உள்ளது. அச்சமும் நோவும் வந்துழிப் பரிவு நரம்புகள் கிளர்ந்து, நெஞ்சத் துடிப்பை விரைவித்து, உடலைப் போருக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாக்கும் என்பதை அமெரிக்க அறிஞர் வோல்ற்றர் கனன் 1915 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். வலிச்செய்தி முண்ணாணில் அடக்கப்படவும் மிகுவிக்கப்படவும் கூடும் என்னும் 'வாயிற்கதவுக்' கொள்கையை மெல்சாக், வோல் என்னும் இருவர் 1965 இல் வகுத்தனர். ஊறுற்றபின் முண்ணாணின் நரம்புக் கலங்களே மிகையுணர்வு எய்தும் என்பதை 1983 இல் கிளிபர்ட் வூல்வ் பரிசோதனையாற் காட்டினார். அந்நிலையில் மெல்லிய தொடுகையும் வலியாகலாம். ஆகவே அத்தகையார் உணரும் வலி மெய்யான வலியே.

கிளர்ந்த நரம்பைத் தணித்தற்கு எளிய வழி மூச்சு. நாம் ஓய்ந்திருக்கையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுகின்றோம். அதனை 6 முறையளவிற்குக் குறைத்து, வெளிமூச்சை நீட்டின், வேகஸ் நரம்பின் வழியே நெஞ்சத் துடிப்புத் தணியும். தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் 1929 இல் நூலாக்கினார். பிராணாயாமத்தை ஆய்வுகூடத்தில் அளந்தறியும் முயற்சியைச் சுவாமி குவலயானந்தர் 1924 இல் லோனாவ்லாவில் நிறுவிய கைவல்யதாமம் மேற்கொண்டது. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தைக் கற்றோர்க்கு மூச்சின் பெருமை புதிதன்று. எனினும் நெடுநேரம் மூச்சை அடக்குதல் நெஞ்சுநோய், இரத்த அழுத்தம் உடையார்க்கு ஆகாது. நோயாளர்க்கு நீண்ட வெளிமூச்சே போதியது.

பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடம் இவ்வாறு அமர்ந்து, தாடையையும் தோளையும் தளர்த்தி, பின்னர் வலி மிகாத அளவிற் கையை உயர்த்துதல் வேண்டும். அளவை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மூச்சு அடைபடுமாயின் அளவு மிஞ்சிற்று என்க. இது பயிற்சிக்குத் துணையேயன்றி அதற்கு ஈடன்று. கால் மரத்தல், வலுக்குறைதல், சிறுநீர் அடக்கமின்மை ஆகியன தோன்றின் உடனே வைத்தியரை நாடல் வேண்டும்.

இன்னொன்று: நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழுமே என்னும் அச்சமும் பரிவு நரம்புகளைக் கிளர்த்துவதே. காலையில் மூச்சுப் பயின்றவள் மாலையில் தராசின் முன் நிற்கும்போது தோள் மீண்டும் இறுகும். ஆதலின் இயன்மருத்துவர் அவளுடைய கழுத்தைச் சோதிப்பதோடு, கூடையின் நிறையையும் உறக்கத்தின் அளவையும் கேட்டறிதல் தக்கது.